மரை கழண்ட கதை

ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. வந்ததும் வராததுமா ஆணியைப் பத்தியே ஒரு பதிவு. பயப்படாதீங்க மக்களே, இது வேற ஆணி. நிஜமான திருகாணி. அதுவும் பிளாஸ்டிக் துண்டுல ஓட்டை போட்டு, அதுக்குள்ள மரை வெட்டி, திருகாணி ஏத்துற விவகாரம். "இதுக்கெல்லாம் ஒரு சரித்திரமா? உங்களுக்கு என்ன மரை கழண்டு போச்சா?"ன்னு வீட்டம்மா கேட்டாச்சு. ஆமாம், கழண்டுதான் போச்சு. ஆனா என்னுது இல்ல, தோணிரேவுல ஒரு பையனோட கிடார்ல.

தோணிரேவு பழவேற்காடு ஏரிக்கரையில இருக்கற மீனவ ஊர். சென்னையிலிருந்து பொன்னேரி வழியா வடக்கே போகணும். 'ரேவு'ன்னா தெலுங்குல துறை. தோணி வந்து ஒதுங்குற துறை, தோணிரேவு. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கு, அதனால ஊர்ப் பேரிலேயே ரெண்டு மொழியும் கைகோத்துக்கிட்டு நிக்குது. என் ஹாஸ்டல் அறைத்தோழன் ஒருத்தன் அந்த ஊர்க்காரன். டிப்ளமா முடிச்சுட்டு நான் கம்ப்யூட்டர் பொட்டிக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தேன். அவன் அப்பாவோட தோணிக்கே திரும்பிப் போயிட்டான். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போவேன். பூநாரை பார்க்கன்னு வீட்டுல சொல்லிக்கறது. உண்மையில நண்டுக் குழம்புக்கு.

போன கார்த்திகையில போனப்ப அவன் பையன் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிட்டு வந்தான். செகண்ட் ஹேண்ட். "மாமா, நீங்க பிக்கப் எல்லாம் சுத்துவீங்கன்னு அப்பா சொன்னாரு. இது சத்தமே வர மாட்டேங்குது. கிறிஸ்துமஸுக்கு மகிமை மாதா கோயில்ல வாசிக்கணும்." மகிமை மாதா கோயில்ங்கறது போர்ச்சுகீசியர் காலத்தது, 1515ல தொடங்கினதா சொல்றாங்க. ஐநூறு வருஷத்துக் கோயில், பதினாறு வயசுப் பையன், ஊமைக் கிடார். மறுக்க முடியுமா? "நான் பார்த்துக்கறேன்டா"ன்னு வாங்கிட்டு வந்துட்டேன். இந்த 'நான் பார்த்துக்கறேன்' தான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

பிக்கப்னா என்ன?

தெரியாதவங்களுக்காக: எலெக்ட்ரிக் கிடார்ல தந்திக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய தாமிரக் கம்பி. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுது, கம்பியில மின்சாரம் பிறக்குது. 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம். இதை வெச்சு அமெரிக்காவுல ஜார்ஜ் பியூஷாம்ப் 1931ல ஒரு ஹவாயன் கிடாருக்கு பிக்கப் செஞ்சார். அதுதான் முதல் வெற்றி.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைச்சுக்குங்க. சாதா மாண்டலின்ல நாதம் டக்குனு செத்துடும், கமகத்தை இழுத்துப் பிடிக்க நேரம் கிடைக்காது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, எட்டுத் தந்திக்குப் பதிலா அஞ்சு தந்தி ஆக்கி, கர்நாடக சங்கீதத்தை அதுக்குள்ள கொண்டு வந்தார். 2014ல நம்மை விட்டுப் போயிட்டார். அந்த நாதத்தை நீட்டிக் கொடுத்ததுல இந்தச் சின்னப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

சாதா பிக்கப்ல ஒரு தொல்லை: கரண்ட்டு லைன்லேர்ந்து வர்ற 'ஹும்ம்ம்' இரைச்சலையும் அது சேர்த்துப் பிடிக்கும். இதைத் தீர்த்தவங்கள்ல முக்கியமானவர் கிப்சன் கம்பெனியில இருந்த சேத் லவர். எதிரெதிரா ரெண்டு காயில் வெச்சா இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், தந்தியோட ஒலி மட்டும் கூடும். 1955ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டார், 1959ல கிடைச்சது. ஹம்பக்கர்னு பேரு. பையனோட கிடார்ல இருந்தது இந்த வகையோட நகல்தான்.

ஹம்பக்கர்ல ஒரு காயில் பாபினுக்குள்ள ஆறு திருகாணி வரிசையா நிக்கும், தந்திக்கு ஒண்ணு. அந்தத் திருகாணி வழியாத்தான் காந்தம் தந்திகிட்ட போகுது. ஒரு தந்தி சத்தம் கம்மியா கேட்டா அதோட திருகாணியைக் கொஞ்சம் மேலே தூக்கலாம். ஆக, அது சுலபமா திரும்பவும் வேணும், தானா கழண்டு வரவும் கூடாது. பாபினோ பிளாஸ்டிக்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சேத் லவர் முதல்ல போட்ட டிசைன்ல இந்தத் திருகாணிகளே கிடையாது! விற்பனைப் பிரிவுக்காரங்கதான், கடையில பேச ஒரு விஷயம் வேணும்னு கேட்டு வாங்கினாங்களாம். பின்னாள்ல அவரே சொன்னது இது. சேல்ஸ் டீம் கேட்டாங்கன்னு கடைசி நேரத்துல ரெண்டு பட்டன் சேர்க்கிற கொடுமை நம்ம காலத்துல வந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். 1955லயே இருந்திருக்கு.

நான் பண்ணின காரியம்

பையனோட பிக்கப்பைத் திறந்தா, ஏரிக்காத்து வேலையைக் காட்டியிருந்தது. ஆறு திருகாணியும் துரு. துருவோட சேர்ந்து பாபின் ஓட்டையில மரையும் தேஞ்சு போச்சு. காயிலும் எங்கேயோ அறுந்திருந்தது. 'புதுசாவே பண்ணிடுவோம்'னு அமெரிக்காவிலிருந்து முன்னாடியே வரவழைச்சு வெச்சிருந்த பாபின் ஜோடியை எடுத்தேன். மரை ஏற்கெனவே வெட்டி வந்தது. திருகாணி மட்டும் தனி விலை. "ஆறு ஸ்க்ரூவுக்கு டாலர்ல அழுவாங்களா, பாரிஸ் கார்னர்ல கிடைக்காததா?"ன்னு அப்போ விட்டுட்டேன்.

ரெண்டு பாபினுக்கும் அய்யாயிரம் சுத்து வீதம் கம்பி சுத்தினேன். தலைமுடி தடிமன்தான் இருக்கும் அந்தக் கம்பி. மூச்சு பலமா விட்டாலே அறுந்துடுமோன்னு பயம். ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம் வெர்னியரை எடுத்துக்கிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியது 3.175 மில்லிமீட்டர். கடைக்காரர் ஒரு தூசி படிஞ்ச டப்பாவைத் திறந்து, "இது அஞ்சாம் நம்பர் பி.ஏ. சார், பழைய ஸ்டாக்கு"ன்னு எடுத்துக் கொடுத்தார். அளந்து பார்த்தா 3.2. அடிச்சதுடா யோகம்! பித்தளை வேணாம், காந்தம் ஒட்டணும், இரும்புதான் வேணும்னு கேட்டு வாங்கினேன். புத்திசாலித்தனம் அதோட முடிஞ்சது.

முதல் திருகாணி நாலு சுத்து வெண்ணெய் மாதிரி உள்ளே போச்சு. அஞ்சாவதுல இறுகிச்சு. பிளாஸ்டிக்தானே, வழி விடும்னு அழுத்தித் திருகினேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எப்படியோ ஏறிடுச்சு. நாலாவதுல 'டிக்'னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். மல்டிமீட்டரை வெச்சா முள் அசையல. பாபின் நடுவுல மயிரிழை விரிசல், மேல இறுக்கிச் சுத்தியிருந்த கம்பி அதோட சேர்ந்து அறுந்துடுச்சு. அய்யாயிரம் சுத்தும் போச்சு.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள்.

அஞ்சாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும்

கோபத்துல தூக்கம் வரல. எங்கே தப்புன்னு தேட ஆரம்பிச்சா, அது என்னை இருநூறு வருஷம் பின்னால இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க பாட்டிகிட்ட ஒரு கல்லுத் தோடு இருந்தது. ஆசாரி கையால செஞ்சது. வலது காதுத் திருகாணியை இடது தோட்டுல போட்டா ஏறாது. ஒவ்வொண்ணும் அதது ஜோடிக்கு மட்டும்தான். உலகத்துல எல்லாத் திருகாணியும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தது. லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் துல்லியமா மரை வெட்டுற லேத்து செஞ்ச பிறகுதான் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட வழி பிறந்தது. அவர் பட்டறையில வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகள்லேர்ந்து திருகாணிகளை வாங்கி அளந்து, சராசரி பார்த்து, 1841ல ஒரு பொது அளவை முன்வெச்சார். மரையோட கோணம் 55 டிகிரி. அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? 1864ல வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரிதான் வெட்ட சுலபம்னு வேற அளவு கொண்டு வந்தார்.

கடிகாரம், தந்திக் கருவி மாதிரி பொடி வேலைகளுக்கு விட்வொர்த் அளவு சரிப்படல. 1884ல பிரிட்டிஷ் அசோசியேஷன்ங்கற அறிவியல் சங்கம், சுவிட்சர்லாந்துக்காரங்க அளவை அடிப்படையா வெச்சு ஒரு வரிசை போட்டுது. அதுதான் பி.ஏ. கோணம் 47.5 டிகிரி. வெள்ளைக்காரன் செஞ்ச ரேடியோ, டெலிபோன், மீட்டர் எல்லாத்துலயும் இதுதான். நம்ம கடைகள்ல பழைய டப்பாக்களில் இன்னும் தூங்குறது அதோட மிச்சம்தான். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கத் திருகாணியும் பிரிட்டிஷ் நட்டும் ஒண்ணோடொண்ணு சேராம பட்ட பாட்டுக்கு அப்புறம், 1948 நவம்பர்ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் உட்கார்ந்து ஒரு பொது அளவுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. நாம 1956ல சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு வந்துட்டோம்.

இப்ப என் கணக்குக்கு வருவோம். அமெரிக்க அஞ்சாம் நம்பர், அங்குலத்துக்கு 40 மரை. ஒரு சுத்துக்கு 0.635 மி.மீ. இறங்கும். பி.ஏ. அஞ்சாம் நம்பர் ஒரு சுத்துக்கு 0.59 மி.மீ. தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணு, நம்பரும் ஒண்ணு. ஆனா ஒவ்வொரு சுத்துலயும் 0.045 மி.மீ. பிசகுது. ஏழாவது சுத்துல பிசகு பாதி மரை அளவுக்கு ஆயிடும். பள்ளத்துல உட்கார வேண்டிய மேடு, எதிர்ல இருக்கற மேட்டுமேலேயே ஏறி நிக்கும். இரும்புல இது நடந்தா திருகாணி அங்கேயே நின்னுடும், நமக்கும் புத்தி வரும். பிளாஸ்டிக் அப்படி இல்ல, நம்மளை உள்ளே விட்டுட்டு அப்புறம் உடையும்.

மரையும் பிளாஸ்டிக்கும்

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு உறைச்சது. மேல சொன்ன பெரியவங்க எல்லாம் மரையைக் கணக்கு போட்டது இரும்புக்கும் பித்தளைக்கும். பிளாஸ்டிக் வந்தப்ப அதே மரையை அப்படியே அதுல திணிச்சோம்.

லியோ பேக்லண்ட் 1907ல பேக்லைட் கண்டுபிடிச்சார். பழைய கறுப்பு டெலிபோன், சுவிட்சு எல்லாம் அதான். ஒரு தடவை இறுகிட்டா சூட்டுல இளகாது, ஆனா நொறுங்கும். அதுல மரை வெட்டினா ஓரம் உதிரும். அதனால அச்சுல வார்க்கும்போதே உள்ளே ஒரு பித்தளைக் குழலைப் புதைச்சு வெச்சு, மரையை அந்தப் பித்தளையில வெட்டினாங்க. பழைய சுவிட்சைக் கழட்டிப் பாருங்க, தெரியும். பிடிப்பு உலோகத்துது, பிளாஸ்டிக் சும்மா சுத்தி நிக்குது. 1935ல ரிக்கன்பாக்கர் கம்பெனி கிடாரோட உடம்பையே பேக்லைட்டுல வார்த்து, கழுத்தை அதோட போல்ட்டு போட்டு மாட்டினாங்க. அப்பவே கிடாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் திருகாணி உறவு வந்தாச்சு.

அப்புறம் சூட்டுல இளகற பிளாஸ்டிக் வந்தது. கிப்சனோட 1950கள் பாபின்கள் பியூட்டிரேட்ங்கற வகை. இது நொறுங்காது, வளையும். வளையுற பொருள்ல மரையை வெட்ட வேண்டியதே இல்ல, சரியான அளவுல ஓட்டை இருந்தா திருகாணியே அழுத்தித் தனக்குப் பாதை போட்டுக்கும். ஆனா 60 டிகிரி மரை, ஆப்பு மாதிரி. உள்ளே போகப் போக பிளாஸ்டிக்கைப் பக்கவாட்டுல பிளக்கும். இது புரிஞ்ச பிறகுதான் பிளாஸ்டிக்குக்குன்னே 30 டிகிரியில, கத்தி மாதிரி மெலிசா, இடைவெளி விட்டு விட்டு மரை வெச்ச திருகாணிகள் வந்தது. மிக்ஸி, ரிமோட் எல்லாத்துக்குள்ளயும் இப்ப அதுதான். பிளாஸ்டிக் என்ன கேக்குதுன்னு நின்னு கேட்க மனுஷனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல ஆயிருக்கு. நான் ரெண்டு ராத்திரியில தப்பு பண்ணினது பெரிய விஷயமில்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா பையனுக்கு என்ன பதில் சொல்ல?

தோணியில கிடைச்ச பதில்

ஞாயித்துக்கிழமை, உடைஞ்ச பாபினையும் பழைய பாபினையும் பையில போட்டுக்கிட்டு தோணிரேவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பையன் ஒண்ணும் சொல்லல. "பரவால்ல மாமா, சும்மா நின்னு பாடிக்கறேன்"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

நண்பன் கரையில ஃபைபர் போட்டைக் கவுத்துப் போட்டு ஏதோ பண்ணிட்டு இருந்தான். 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையெங்கும் ஃபைபர் போட்டு பெருகிடுச்சு, தெரிஞ்சதுதான். ஃபைபர்னா கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். இன்ஜின் உட்கார்ற இடத்துல பெரிய போல்ட்டுகளைக் கழட்டிக்கிட்டு இருந்தான். கையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு.

"இது எதுக்குடா?"

"இன்ஜினுக்குத்தான். ஃபைபர்ல ஸ்க்ரூ போட்டா ரெண்டு நாள் நிக்கும் மச்சான். இன்ஜின் ஆடுற ஆட்டத்துல மரையைத் தின்னுட்டு வெளியே வந்துடும். ஓட்டையைத் தாராளமா போடு, போல்ட்டை அந்தாண்ட வரைக்கும் விடு, பின்னாடி தகடு வெச்சு முறுக்கு. இரும்பை இரும்புதான் பிடிக்கணும். ஃபைபர் சும்மா நடுவுல நிக்கட்டும்."

நான் அவனையே பார்த்துக்கிட்டு நின்னேன். "இன்னாடா, பேயடிச்சா மாதிரி?"

ஹம்பக்கர்லயும் அந்தத் தகடு இருக்கு மக்களே! பாபினுக்கு அடியில, காந்தத்தை ஒட்டி ஒரு இரும்புப் பட்டை. காந்தத்தைத் திருகாணிக்குக் கடத்தறதுதான் அதோட வேலை. பையனோட பிக்கப்ல அதுல ஓட்டை மட்டும் இருந்தது, மரை இல்ல. அதுல மரை வெட்டிட்டா? பாபின் ஓட்டை தேஞ்சிருந்தா என்ன, அது நடுவுல சும்மா நிக்கட்டுமே.

அவன் அப்பா பக்கத்துல உட்கார்ந்து வலை பின்னிக்கிட்டே கேட்டுட்டு இருந்தார். "எங்க காலத்துல கட்டுமரத்துக்கு ஆணியே கிடையாதுப்பா, கயிறுதான். அலை அடிக்கறப்ப கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அதான் உடையாது"ன்னார். சென்னைக்குத் துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல்லேர்ந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலா படகும் அப்படித்தான், பலகைகளைக் கயித்தால தைச்சது. பலகையில அடிச்ச ஆணி அலையோட மல்லுக்கட்டும், கயிறு கட்டாது. விட்வொர்த்துக்கு முன்னாடியே இந்தக் கரைக்கு இது தெரிஞ்சிருக்கு. நான்தான் வெர்னியரோட அலைஞ்சிருக்கேன்.

கடைசி நாலு நாள்

பழைய பாபினையே எடுத்துத் துடைச்சு, துருவைச் சுரண்டி, ஓட்டையைத் திருகாணி லேசா உரசிப் போற அளவுக்குப் பெருசாக்கினேன். லேத்து பட்டறையில ஒரு இரும்புப் பட்டைத் துண்டு வாங்கி, ஆறு ஓட்டை போட்டு, 3 மி.மீ. மெட்ரிக் டேப்பால மரை வெட்டிக்கிட்டேன். இந்தத் தடவை திருகாணியும் அதே அளவுதானான்னு மூணு தரம் பார்த்தேன். பட்டையை அடியில வெச்சு ஆறு திருகாணியும் ஏறி இறங்குதான்னு பார்த்துட்டு, கழட்டி வெச்சுட்டு, அதுக்கப்புறம்தான் கம்பி சுத்தினேன். மறுபடி அய்யாயிரம் சுத்து. திருகாணியைத் திரும்ப மாட்டினப்ப கை நடுங்கினது உண்மை. மல்டிமீட்டர் முள் அசைஞ்சுது, 4 கிலோ ஓம் காட்டிச்சு.

24ஆம் தேதி சாயங்காலம் கிடாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் ஆம்ப்ல சொருகி, முதல்ல தந்தியை மீட்டவே இல்ல. ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, நாலாவது திருகாணியை அரைச் சுத்து மேலே தூக்கினான். அப்புறம் மீட்டினான். "இப்ப சரியா இருக்கு மாமா"ன்னான்.

கோயில்ல அன்னிக்கு ராத்திரி நல்ல கூட்டம். நான் பின்னாடி ஒரு தூணோரம் நின்னேன். பாட்டு நல்லாருந்ததான்னு கேட்டீங்கன்னா சொல்லத் தெரியாது. நான் முழு நேரமும் அந்த நாலாவது தந்தியை மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

பி.கு. 1: புது பாபின்ல நேரடியா திருகாணி ஏத்தறவங்களுக்கு, என் கைப்பக்குவம்: 3 மி.மீ. திருகாணிக்கு உலோகத்துல 2.5 மி.மீ. ஓட்டை போடுவாங்க. பிளாஸ்டிக்ல எனக்கு 2.7 நல்லா வந்தது. திருகாணியில மெழுகுவத்தியைத் தேய்ச்சுக்குங்க. ஒரு சுத்து உள்ளே, அரைச் சுத்து வெளியே, அவசரமே கூடாது. சூடானா பிளாஸ்டிக் இளகிடும். எல்லாம் கம்பி சுத்தறதுக்கு முன்னாடி.

பி.கு. 2: ஒரு தடவை மரை விழுந்த பிளாஸ்டிக்ல திரும்பத் திருகும்போது, முதல்ல எதிர்ப்பக்கமா மெதுவா சுத்துங்க. 'டக்'னு லேசா ஒரு பள்ளத்துல விழும். அங்கேர்ந்து முறுக்கினா பழைய பாதையிலேயே போகும், புதுப் பாதை வெட்டாது. வீட்டு ரிமோட்டுக்கும் இது பொருந்தும்.

பி.கு. 3: மிச்சம் இருக்கற அஞ்சாம் நம்பர் பி.ஏ. திருகாணிகள் என் மேசை மேல ஒரு ஊறுகாய் பாட்டில்ல இருக்கு. பழைய வால்வு ரேடியோ ரிப்பேர் பண்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன். அதுக்கும் சரியான ஜோடி எங்கேயாவது இருக்கும்.